வெள்ளைக்கு எத்தனை மதிப்பெண்

ஸ்வீடனின் வடக்கில்
உறைந்த ஏரியின் மேல் சாலை போட்டிருக்கிறார்கள்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
முன்கண்ணாடிக்குப் பின்னால்
கட்டைவிரல் நகத்தளவு சிப்
தன் சூட்டாலேயே உறைபனியில்
ஒரு பிறையை உருக்கிவைத்து
அதன் வழியே பார்க்கிறது.

நான் பின்னிருக்கை. மடியில் கணினி.
அது சொல்லும் எண்ணை உரக்கப் படிப்பது என் வேலை.
புள்ளி ஆறைத் தாண்டினால் அதுவே பிரேக் போடும்,
தாண்டாவிட்டால் ஹெட்விக்.

பனிமேட்டுக்குப் பின்னால் குனிந்து
அஸ்லாத் பாசி வாளியை ஆட்டுகிறார்.
அவருடைய வெள்ளைப் பனிமான் சாலையைக் கடக்கிறது.
ஒரு கடப்புக்கு நானூறு குரோனர்,
மானுக்குத் தனியாக ஒரு பிடி.

புள்ளி மூன்று எட்டு.
ஹெட்விக்.
புள்ளி நான்கு ஒன்று.
ஹெட்விக்.
மேகம் விலகியதும் புள்ளி இரண்டு ஒன்பது;
வெளிச்சம் கூடக் கூட வெள்ளை தொலைந்துபோகிறது.
பழுப்பு மான் என்றால் ஒன்பதுக்குக் குறையாமல் தரும்.
பார்த்துப் படித்த படங்களெல்லாம் பழுப்பாம்.

குளிர்காலத்தில் இதன் கண் நீலமாகிவிடும், என்றார் அஸ்லாத்.
கோடையில் பொன்.
இருட்டுக்குத் தக்கபடி உள்ளேயே மாற்றிக்கொள்ளும்.
உங்களுடையது?
மார்ச்சில் புது மென்பொருள் வரும், என்றாள் ஹெட்விக்.

பதினோராவது முறை
ஒன்றும் பேசாமல் தன் நீல மேற்சட்டையைக் கழற்றி
மானின் முதுகில் போர்த்தி
கழுத்தடியில் பொத்தானை மாட்டினார்.
சிவப்புக் கரை. வெள்ளிப் பொத்தான்.
மான் ஒருமுறை உதறிவிட்டு
பாசியைப் பார்த்து நடந்தது.

சீட் பெல்ட் என் விலாவில் பதிந்தது.
கால்மாட்டில் போய் விழுந்த கணினியை
எடுத்துப் படித்தேன்:
மனிதன். புள்ளி ஏழு மூன்று.

கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.
படிவம் சிரிக்கவில்லை.
சரியா, தவறா, இரண்டே கட்டம்.
நின்றதா? நின்றதென்று எழுது,
என்றார் அஸ்லாத், கைகளைத் தேய்த்துக்கொண்டு.

மூன்று மணிக்கே இருட்டிவிட்டது.
கொட்டகைக்குத் திரும்புகிறோம்.
மேற்சட்டை இன்னும் மானின் மேல்தான்.
எனக்குக் குளிரவில்லை என்று
முன்னால் நடக்கிறார்.
வெளிறிய கம்பளிச் சட்டை,
தாடி, புருவமெல்லாம் உறைபனி.

மானைச் சுற்றி அசையாத பச்சைக் கட்டம்:
மனிதன் மனிதன் மனிதன்,
நொடிக்கு முப்பத்தாறு முறை.
பக்கத்தில் நடப்பவரைச் சுற்றி ஒரு கட்டம்
தோன்றுகிறது,
போகிறது,
தோன்றுகிறது.

அந்த எண்ணை நான் படிக்கவில்லை.
ஹெட்விக்கின் கால்
ஏற்கெனவே பிரேக்கின் மேல் இருந்தது.