வெட்டாமல் விட்டது

சம்பளம் விழுந்த சனிக்கிழமை
பஸ் நிலையத்துக்குப் பின்னால்,
யேசுறெத்தினத்தின் கடையில்
என்னைக் கண்டேன்.
நீலச் சேர்ட் ஒன்றின் மூன்றாம் பொத்தானில்
தொங்கிக்கொண்டிருந்தேன்,
தீப்பெட்டியிலும் சற்றுப் பெரிய அட்டையில்,
பல் தெரிய.

போன பங்குனியில் எடுத்த படம்.
ரொட்டர்டாமிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள்.
தைக்கிறவரின் முகம் வாங்குகிறவருக்குத் தெரியவேண்டும்,
இனிமேல் அதுதான் உத்தி
என்று மொழிபெயர்த்தார் நிஷாந்த சேர்.
அச்சுவேலித் தொழிற்சாலை, ஏழாம் வரிசை,
இடக்கை பொருத்துகிறவள் நான்.
ஒன்றுக்கு நாற்பத்திரண்டு செக்கன்.
மெஷினுக்கு முன்னால் வேண்டாம், பனைக்கு முன்னால் என்றார்கள்.
வளவில் பனை இல்லை.
மதிலுக்கு அப்பால் யாருடையதோ காணிக்குள்
ஆட்டைக் கலைத்துவிட்டு நின்றேன்.

மூன்று மணித்தியாலம் சிரித்தேன்.
என் பலகையில் பூச்சியம் விழாமல்
வலக்கை பொருத்தும் துவாரகாதான்
தன் கையோடு என் கையையும் தைத்தாள்.

பிரதாயினி அவர்கள் வாய்க்குள் நுழையவில்லை.
அட்டையில் நான் பிரியா.
பிரியாவுக்குக் கடல் பிடிக்குமாம்.
குறிகட்டுவானில் படகேறினாலே எனக்குச் சத்தி.

கப்பலேறாத சரக்கு இது.
நீலம் ஒரு பிடி கூடிவிட்டது.
நூல் ஒரு நாடு, சாயம் ஒரு நாடு,
பொத்தான் எங்கேயோ.
பிழை எந்த ஊரில் நடந்ததென்று
ஆளுக்காள் மின்னஞ்சல் எழுதி முடிய
அங்கே கோடை முடிந்துவிட்டது.
பிறகு லொறியில் கொழும்பு, மூட்டையில் புறக்கோட்டை,
இரவு பஸ்ஸின் வயிற்றுக்குள் கிடந்து
திரும்ப யாழ்ப்பாணம்.

கழுத்தில் பெயர் இருந்த இடம் சதுர ஓட்டை.
கரையில் இருந்த சின்ன அடையாளத்தையும்
பிளேட்டால் சுரண்டியிருந்தார்கள்.
"இந்த மட்டையை மட்டும் ஏன் விட்டனீங்கள்?"
"கொம்பனியின்ரை பேரைத்தான் பிள்ளை வெட்டச் சொன்னவை.
இது ஆரோ ஒரு பெட்டை."
சொல்லும்போது என்னைப் பார்த்தார்,
அட்டையையும் பார்த்தார்,
கல்குலேட்டரை எடுத்தார்.

மூலையில் கறுப்புக் கட்டம் இன்னும் இருந்தது.
போனைப் பிடித்தேன்.
பிரியா இல்லை. அந்தப் பருவம் முடிந்தது,
புதிய கதைக்கு இங்கே அழுத்தவும் என்றது.
அழுத்தினேன்.
புதிய கதையில் ஆள் இல்லை, ஒரு ஆறு.
எந்த நாட்டு ஆறோ,
வலு துப்புரவாக ஓடியது.

ஆயிரத்து இருநூறு என்றார்.
விலை குறைக்க ஒரு பிழை வேண்டும்.
உட்பக்கம் புரட்டினேன்.
முடிக்கிற இடத்தில்
நான் மூன்று தையல் பின்னுக்குப் போவேன்,
துவாரகா இரண்டு.
இடக்கையில் இரண்டுதான் இருந்தது.
இந்தக் கையைத் தைத்தவர் பிரியா
என்று அட்டை சொல்லுகிற இந்தக் கையை
மெஷினில் வைத்த நேரம்
நான் பனைக்குக் கீழே
இன்னும் கொஞ்சம் இயல்பாய்
சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"இடக்கை இழுக்குது, வடிவாப் பாருங்கோ" என்றேன்.
இழுக்கவில்லை.
தொளாயிரத்துக்குத் தந்தார்.

திங்கள் விடிய ஐந்து நாற்பது வானில்
நீர்வேலி வாழைத்தோட்டம் கடக்கையில்
அவளிடம் நீட்டினேன்.
அட்டையைப் பார்க்கவேயில்லை.
கையைப் புரட்டி,
தையலில் நகத்தை ஓட்டி,
"அண்டைக்கு நூல் அறுந்து அறுந்து வந்தது" என்றாள்,
"ஒண்டும் தெரியேல்லை என்ன?"