அரைக் கப் ஈ

பண்டாரவளை பேக்கரியில்
ஐசிங் சீனி கால் கிலோ கேட்டேன்.
யாருக்குப் பிறந்தநாள், என்றார் நிசாம்தீன்.
உண்ணிக்கு என்று சொல்ல வாய் வரவில்லை.
மூத்தவளுக்கு, என்றேன்.
மெழுகுதிரி ஒன்று சும்மா தந்தார்.

லயத்துக்குப் பின்னால்
லீக்ஸ் பாத்தி தாண்டி நாலு பெட்டி.
மூன்றாவதில் சத்தம் சரியில்லை:
பிரட்டுக் களத்தில்
பேர் கிடைக்காமல் நிற்பவர்களின் முணுமுணுப்பு.

ராணி இல்லாத அடைதானா என்று
இரண்டு தரம் பார்த்து,
உதறி,
அரைக் கப் ஈயைப் போத்தலில் இட்டேன்.
அரைக் கப்பென்றால் முந்நூறாம்,
பயிற்சி தந்த மாத்தயா சொன்னது.
அது பெரிய சாதி ஈக்கான கணக்கு.
நம்முடையது சின்னது, கூடவே இருக்கும்.
நமக்கென்று யார் உட்கார்ந்து எண்ணினார்கள்?

வலைமூடி வழியே சீனி தூவி, உருட்டி,
நிழலில் வைத்துக் காத்திருந்தேன்.
பிறகு கவிழ்த்து
வெள்ளைத் தட்டில் குலுக்கினேன்.
தண்ணீர் தெளிக்கச் சீனி கரைந்தது.
கரையாதவை
குரக்கன் நிறத்தில், குரக்கன் அளவில்.
ஒன்று. மூன்று.
ஏழு.
ஏழாவது காலசைத்தது.

அட்டை கடித்த கால் எனக்கு.
பதினோராம் நம்பர் மலையில்
சவர்க்காரம் பூசிய மேசுக்குள்ளும் ஏறும்.
ஆனாலும் அட்டை விரலளவுதான்.
இந்த ஈயின் உடம்புக்கு இந்த உண்ணி
என் முதுகில் ஒரு சோற்றுத்தட்டு.

ஈக்களுக்கும் ஒரு வழி தெரியும்.
உண்ணி உறிஞ்சி மெலிந்த ஆண்குஞ்சுக்கு
மூடியைத் தள்ளப் பலமிருக்காது.
வெளியே இருப்பவை திறந்துவிடாது.
மூடியின் சின்னத் துளையையும்
மெழுகு வைத்து அடைத்துவிடும்,
குஞ்சோடு உண்ணியையும்.
அழுவதில்லை. அடுத்த அறைக்குப் போய்விடும்.

டர்பன்டைன் மரம் பூக்க ஆறு வாரம்.
அதுவரை அவை பார்த்துக்கொள்ளட்டும் என்று
விடலாமா?
கவ்வாத்துக் கத்தியைத் துடைத்து
ஆண் அடையை மட்டும் அறுத்தெடுத்தேன்.
பால்நிறக் கண்கள் வரிசையாய்.
கோழிகள் ஓடி வந்தன.
நான் பார்க்கவில்லை.

போத்தலைத் திறந்துவிட்டேன்.
மா பூசிய மாதிரி வெள்ளையாய்ப் போனதுகளை
வாசலில் மற்றவை பிடித்துவைத்து நக்கின.
ஒன்றுக்கும் அவசரமில்லை.

அன்றைக்கு நான் பறித்தது பதினாலு கிலோ.
அரைப்பேர் போட்டார்கள்.
கலண்டரில் பதினாலுக்குப் பக்கத்தில்
ஏழு என்று எழுதினேன்.

ஏழாம் நாள் இரவு கரண்ட் இல்லை.
பெட்டிக்கு அடியில் வைத்திருந்த
எண்ணெய் பூசிய அட்டையை உருவி வந்து
நிசாம்தீனின் மெழுகுதிரியில் பிடித்தேன்.
இரண்டு, மூன்று, இது மெழுகுத் தூள்,
நாலு...

யாருக்கு அம்மா, என்று கேட்டுக்கொண்டே வந்து
மூத்தவள் ஊதி அணைத்தாள்.