வளர்முனை

தேங்காய்ப்பட்டணம் பொழிமுகத்தில்
ஏழு மணிக்கே கரிமீன் தீர்ந்துவிடும்.
"செதிலு மட்டும் மதியா பிள்ளே? மீனு வேண்டாமா?"
செலின்மேரிக்கு என்மேல் இன்னும் சந்தேகம்.
துடிக்கும் மீனின் விலாவிலிருந்து
இடுக்கியால் ஆறு செதில்.
குப்பியை மடியில் வைத்துக்கொண்டு
புதுக்கடை வழி மார்த்தாண்டம் பஸ்.

கண்ணாடியில் ஒட்டிவைத்தால் சாயங்காலத்துக்குள்
செதிலிலிருந்து செல்கள் இறங்கி நடக்கின்றன.
மீன் அதற்குள் யார் வீட்டுக் குழம்பிலோ.
இவை நடக்கின்றன,
விசிறிபோல் விரிந்த ஓரத்தை முன்னால் தள்ளிக்கொண்டு.

ஓரத்துக்குள் ஆக்டின்.
மணி மணியாய்க் கோத்து நீளும் இழைகள்,
நொடிக்கு நூறு மணிகூட,
சவ்வை முட்டி முட்டி.
அப்போது வருகிறது மூடிப் புரதம்.
இரண்டு துண்டு சேர்ந்த காளான் உருவம்,
வளரும் நுனியில் உட்கார்ந்துகொள்கிறது.
அவ்வளவுதான்.
அந்த இழைக்கு இனி மணி இல்லை.

ஆய்வில் சேரும்போது நேர்முகத்தில் கேட்டார்கள்:
வளர்ச்சியை நிறுத்துகிற ஒன்று செல்லுக்கு எதற்கு?
"கட்டுப்பாட்டுக்கு" என்றேன்.
எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு
ஆறு மணிக்குப் பூட்டுகிற கேட் என்று அர்த்தம்;
டிகிரி போதும் என்று அர்த்தம்.
அன்றிலிருந்தே அந்தப் புரதத்தை
எனக்குப் பிடிக்காது.

இன்று இரண்டாவது தட்டைப் பார்த்தேன்,
மூடியைக் குறைத்து வளர்த்த செல்கள்.
என்ன எதிர்பார்த்தேனோ.
விசிறி இல்லை.
தடையற்ற இழைகள் நீண்டு நீண்டு
கட்டுக்கட்டாய்ப் பிதுங்கி
அயனிச்சக்கைபோல் உடம்பெல்லாம் முள்.
எல்லாத் திசையிலும் நீட்டிக்கொண்டு
செல் இருந்த இடத்திலேயே இருந்தது.

நீண்ட இழை வளைகிறது, தள்ளுவதில்லை.
குட்டையாய் நின்றுபோனவைதான்
விறைப்பாய்ச் சவ்வை முன்னே உந்துகின்றன.
அடைத்த நுனிக்குப் போகாத மணிகள்
பக்கத்தில் முளைக்கும் கிளைக்குப் போகின்றன.

இதை வீட்டில் சொல்லமாட்டேன்.
யாராவது உவமையாக்கிவிடுவார்கள்.
சொன்னால் மிச்சத்தையும் சொல்ல வேண்டும்:
சவ்வருகே, மூடியைக் கழற்றவென்றே
வேறொரு புரதம் காத்திருப்பதை.

கரண்ட் போனது. யு.பி.எஸ். கத்துகிறது.
டார்ச் வெளிச்சத்தில் எழுதினேன்:
தட்டு இரண்டு. மணி ஆறு நாற்பது. நகர்வு, பூஜ்யம்.
பேனாவை மூடினேன்.
பிறகு மூடியை எடுத்து
அதன் கீழே ஒரு வரி:
நாளைக்கு மறுபடி செதில் வேண்டும்.