கொசாக் வேடம்

ஸபோரிஷியாவில் நாலு வருஷம் மருத்துவம்.
மிச்சத்தை உசிலம்பட்டியில் திரையில் படித்தேன்,
கரண்ட் இருந்த நேரங்களில்.

அங்கே த்னீப்ரோ ஆற்றின் நடுவில் ஒரு தீவு.
பண்ணையடிமைகள் தப்பி வந்து ஒளிந்த பக்கம்.
வரி கிடையாது, ஆண்டை கிடையாது.
குதிரை உண்டு,
குதிரைக்குத் தீனி தேட யார் யார் ஊரோ உண்டு.
தலைவனைக் கூட்டம் கூடி எடுப்பார்களாம்.
இரண்டு தடவை அவன் மாட்டேன் என்று சொல்ல வேண்டும்.
மூன்றாம் தடவை கோலை வாங்கியதும்
கிழவர்கள் சேற்றை அள்ளி அவன் உச்சியில் அப்புவார்கள்,
நீ யாரென்று மறந்துவிடாதே.

பெண்கள் கால் வைக்கக் கூடாத கோட்டை அது.
மாணவர் சலுகையில் டிக்கெட் எடுத்து
நானும் சொலோமியாவும் போனோம்.

மெழுகில் ஒரு கொசாக். மழித்த மண்டை,
ஒரே ஒரு கற்றை காதுவரை தொங்குகிறது.
ஏதோ உப்புமீனின் பெயராம் அதற்கு.
"எங்க ஊர்ல குடுமின்னு பேரு" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
அம்மா வழியில் அவர்கள் யூதர்கள்.
குளம்புச் சத்தம் கேட்டால்
பிள்ளைகளை உருளைக்கிழங்குக் குழிக்குள் இறக்கி
மேலே சாக்கைப் போடுவார்களாம்.
சிலையின் கண்ணாடிக் கண்ணைப் பார்த்தபடியே சொன்னாள்.

அன்று நான் சொல்லாமல் விட்டது:
எங்கள் ஆட்களும் காவல்காரர்கள்தாம்.
களத்துக்கு இவ்வளவு, தொழுவத்துக்கு இவ்வளவு என்று காவல்கூலி.
கூலி வராத தொழுவத்தில் மாடு இருக்காது.
துப்புக்கூலி கொடுத்தால்
ஓடைக்கரையில் கட்டிக் கிடக்கும், அசைபோட்டுக்கொண்டு.
அப்புறம் வெள்ளைக்காரன் வந்து காவல் இனி என்னுடையது என்றான்.
பிறந்த குற்றத்துக்குப் பத்து விரலும் மையில்.
ரேகைச் சட்டம்.
அங்கே ஒரு பேரரசி பீரங்கி அனுப்பிக் கோட்டையை இடித்தாள்;
வேறு ஆற்றங்கரைக் கொசாக்குகளுக்குச் சீருடையும் சாட்டையும் கொடுத்து
அரசாங்கம் தெருக்கூட்டத்தின் மேல் ஏவிவிட்டது.
எவனுக்கும் கட்டுப்படாதவன் என்று அந்தச் சொல்லுக்கு அர்த்தம்.
எங்கள் சொல்லுக்கு அகராதி வேறு சொல்கிறது.

போன சித்திரை, மூன்றுமாவடி, எதிர்சேவை.
விடிந்தும் விடியாத வெளிச்சம்.
சர்க்கரைத் தீபம், தோப்பறைத் தண்ணீர், தள்ளுமுள்ளு.
அழகர் கள்ளர் வேடத்தில் வருகிறார்:
கண்டாங்கி, கடுக்கன், கையில் வளைதடி,
ஒரு பக்கமாய்ச் சாய்ந்த கொண்டை.
வீடியோவில் சொலோமியா.
அவளுக்கு ராத்திரி மூன்றரை, ஆஸ்பத்திரி நிலவறை.
போனை உயர்த்திக் காட்டினேன்.

"கொசாக்!" என்று கத்தினாள்.
"சாமி" என்றேன்.
"சாமி எதற்குக் கொள்ளைக்காரன் மாதிரி?"
அதற்கு நாலு கதை இருக்கிறது,
கோயிலில் ஒன்று, எங்கள் வீட்டில் ஒன்று.
சுருக்கமாக இதைச் சொன்னேன்:
நாளைக்கு இவர் வேடத்தைக் கலைத்துத் தங்கக் குதிரை ஏறி
ஆற்றில் இறங்கிவிடுவார்.
கலைக்க முடியாதவர்கள் பல்லக்கைத் தூக்கிக்கொண்டு வருவோம்.

தம்பி முடியை வழித்துக்கொண்டான் என்றாள்.
கணினி வேலை பார்த்தவன், குதிரையைத் தொட்டதில்லை.
அவன் அணியில் எல்லாருக்கும் இப்போது அந்தக் குடுமிதான்.
விடுப்பில் வந்தபோது
அம்மா கதவைத் திறந்து அவன் தலையையே பார்த்தாளாம்,
ரொம்ப நேரம்.
பிறகு வெந்நீர் வைத்து
அந்த ஒரு கற்றையைச் சீயக்காய் மாதிரி எதையோ போட்டு

என்னவென்று கேட்பதற்குள்
திரை அவள் வாயிலேயே நின்றுவிட்டது.
கூட்டத்தில் சிக்னல் போயிருக்கும்.
அங்கேயும் போயிருக்கலாம்.
யாரோ என் முதுகில் தண்ணீர் பீய்ச்சினார்கள்.

ஆனியில் தகுதித் தேர்வு,
பெருங்குடிப் பக்கம் ஒரு கணினி மையம்.
விரலை வைங்க மேடம்.
வைத்தேன். சிவப்பு.
துடைச்சுட்டு வைங்க.
துப்பட்டாவில் துடைத்தேன். சிவப்பு.
வரிசை பின்னால் முணுமுணுத்தது.
மூன்றாம் தடவைதான்
இயந்திரம் என்னை ஒத்துக்கொண்டது.