பக்கத்துக்கு முப்பது

முத்தியால்பேட்டை, மணிக்கூண்டுக்கு எதிர்ச்சந்து.
மதலேன் அம்மாவின் ஆறாவது நாவலைப்
பக்கத்துக்கு இருபது ரூபாய்க்கு
அடித்துக்கொண்டிருந்தேன்.

பதினேழாம் அத்தியாயத்தில்
படகு கட்டும் செலின்
ஊர்ப் பஞ்சாயத்தில் எழுந்து நின்று சொல்கிறாள்:
"என் வேலைக்கு
நான்தான் விலை சொல்வேன்."
அதோடு கரண்ட் போனது.
இருட்டில் யோசித்தேன்.

மறுநாள் முப்பது கேட்டேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"தருகிறேன்.
பிழைக்கு ஐந்து ரூபாய் பிடிப்பேன்."
சரி என்றேன்.
முதல் தடவையாகச் சிரித்தார்,
இரண்டு டீ சொன்னார்,
என் டீக்கு என்னிடமே காசு வாங்கினார்.

கடைசியாக வந்தது சமர்ப்பணப் பக்கம்.
ஒரே சொல்:
எனக்கு.

அடித்துவிட்டு
ஆளில்லாத கடையில்
ஒருமுறை வாய்விட்டுப் படித்தேன்.
பிறகு கணக்கு நோட்டில் எழுதினேன்:
ஒரு பக்கம், முப்பது.