மூன்று சீட்டுக்காரன்

எத்ரெமித் நீதிமன்றத்தின் இரண்டாம் அறையில்
தட்டச்சுப் பொறிக்குப் பின்னால்
பதினோரு ஆண்டு உட்கார்ந்திருக்கிறேன்.
கத்திக்குத்து வந்திருக்கிறது, கழுதைத் திருட்டு வந்திருக்கிறது.
அன்று விசாரணைக்கு வந்தது ஒரே ஒரு சொல்.

உச்கியாத்சி.

உச் என்றால் மூன்று.
கியாத் என்றால் சீட்டு:
ஆடுகிற சீட்டும் அதுதான், எழுதுகிற சீட்டும் அதுதான்.
சி என்பது வால்.
பாலுக்குப் பின்னால் ஒட்டினால் பால்காரன்,
மீனுக்குப் பின்னால் ஒட்டினால் மீன்காரன்.
மூன்று சீட்டுக்குப் பின்னால் ஒட்டினால்
சந்தை முனையில் கவிழ்த்த பெட்டிமேல்
ராணி எங்கே, ராணி எங்கே என்று கைமாற்றிக் காட்டி
உன் வாரக் கூலியோடு சந்துக்குள் மறைகிறவன்.

எண்ணெய் வியாபாரி ருக்னெத்தின் புகார்:
சந்தை நாளில், நாற்பது பேர் முன்னால்,
ஸெகியே என்கிற விதவை
அந்தச் சொல்லால் என்னைக் கூப்பிட்டாள்.
மானம் போயிற்று. இரண்டு ஓட்டல் வாடிக்கையும் போயிற்று.

நீதிபதி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.
"இது வசவா?"

டீக்கடை ஹுலூசி சொன்னான்:
"தவ்லா ஆட்டத்தில் மச்சானைத் தினமும் சொல்கிறேன், ஐயா.
சிரிக்கிறான். இன்னொரு டீ கேட்கிறான்.
காசு மட்டும் தருவதில்லை."
தையற்காரி பெரிஹான்:
"என் பையன் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு
போர்வைக்குள் பிஸ்கட் தின்பான்.
முத்தம் கொடுத்துக்கொண்டே சொல்வேன்."
லாரி ஓட்டுகிற செலாஹத்தின்:
"அண்ணனை ஒருமுறை சொன்னேன். ஒன்பது வருஷமாச்சு.
அவன் வீட்டு வாசல் எந்தப் பக்கம் என்பதே மறந்துவிட்டது."

மூன்றையும் அதே ஒன்பது எழுத்தில் அடித்தேன்.
கொஞ்சலுக்கு ஒரு விசை, கோபத்துக்கு ஒரு விசை
என் பொறியில் இல்லை.
(நான் ஒருவனை அப்படிச் சொன்னதுண்டு,
ரயில் கிளம்பிய பிறகு. அவனுக்குக் கேட்டிருக்காது.)

ஸெகியே எழுந்தாள்.
ஆலிவ் பறித்த கறுப்பு நகக்கண்ணில் அப்படியே இருந்தது.
"நான் வையவில்லை. எண்ணினேன்."
விரலை மடக்கினாள்.
"எண்ணெய்க்கு ரசீது என்று ஒரு சீட்டு நீட்டினான்.
பெருவிரல் வைத்தேன்.
அதன் நகல் என்று இன்னொன்று. வைத்தேன்.
நகலுக்கு நகல் என்று மூன்றாவது.
முதலாவது ரசீதுதான். இரண்டாவதும் ரசீதுதான்.
என் அறுபத்திரண்டு மரமும் மூன்றாவதற்குள் போய்விட்டன.
மூன்று சீட்டோடு வந்தவனை வேறென்ன சொல்ல?
பாலோடு வந்திருந்தால் பால்காரன் என்றிருப்பேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றினார்கள்.
ருக்னெத்தின் தொப்பியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான்.
வழக்கு ஒத்திவைக்கப்பட்டது.

விதிப்படி கரித்தாள் வைத்து அடித்திருந்தேன்.
உருவி எடுத்து அவள்முன் பரப்பினேன்,
மைப்பெட்டியையும் திறந்து.
"இங்கே, இங்கே, இங்கே" என்றேன்.
அப்புறம்தான் எண்ணிப் பார்த்தேன்.

அவள் தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.
"படி."
படித்தேன்.
"அடுத்ததை."
"அதேதான், அம்மா. நகல்."
"அவனும் அப்படித்தான் சொன்னான்."

சாப்பாட்டு மணி அடித்து ஓய்ந்தது. காவலன் கொட்டாவி விட்டான்.
அந்தச் சொல் வந்த இடத்தில்
முதல் தாளில் மென்று விழுங்கினேன்.
இரண்டாவதில் சொன்னேன்.
மூன்றாவதைப் படிக்கையில் ருக்னெத்தின்
இன்னும் கதவருகே நின்றிருந்தான்.
என் குரல் எப்படி இருந்தது என்பது
பதிவில் இல்லை.