பதினோரு மாதம்

லீவே என்பது அவள் பெயர்.
ஒண்டிக்கடையில் எல்லோருக்கும் லீவம்மா.
லீவு அம்மா என்று ஸ்கூல் பிள்ளைகள் கூப்பிட்டால்
எந்தக் கிழமையானாலும் சிரிப்பாள்.
பெல்ஜியத்தில் டிராம் ஓட்டியவள்.
சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவையும்
பஸ்ஸின் முன்சீட்டில் உட்கார்ந்து
இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவாள்.

வருடா வருடம் ஐப்பசியில்
என் ஜெராக்ஸ் கடைக்கு ஃபைலோடு வருவாள்.
பென்ஷன் தாள், பேங்க் தாள், இன்சூரன்ஸ் தாள்.
நான் டைப் அடிப்பேன்:
என் செலவுக்குப் போதுமானது என்னிடம் இருக்கிறது.
இந்த நாட்டில் வேலை கேட்கமாட்டேன்.
எந்த உதவியும் கேட்கமாட்டேன்.
யாருக்கும் பாரமாக இருக்கமாட்டேன்.

பாரம் என்றால் என்ன என்றாள், முதல் வருடம்.
எதிரே மிளகு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான் செல்லான்.
காட்டினேன்.

போதுமானது என்றால் எவ்வளவு?
அவளும் கேட்டாள், எஸ்.பி. ஆபீஸ் கிளார்க்கும் கேட்டார்.
இலை என்றால் கையை மறித்துக் காட்டலாம்.
தாளில் எங்கே மறிப்பது?

எனக்கும் ஒரு ஃபைல் உண்டு. அதே அலமாரி, கீழ்த்தட்டு.
அதில் எல்லாம் தலைகீழ்.
கணவர் இல்லை. மகன் இல்லை. நிலம் இல்லை.
ஜெராக்ஸ் மிஷின் மாமன் பேரில்.
இத்தனை இல்லைக்கும் சேர்த்து
மாதம் ஆயிரத்து இருநூறு.
இரண்டு ஃபைலையும் கடிப்பது
ஒரே ஸ்டேப்ளர்.

இந்த வருடம் அவள் வீட்டுக்காரர்,
செவ்வாய்ப்பேட்டை ஜவ்வரிசி மண்டிக்காரர்,
நாகலூர் வீட்டை ஹோம்ஸ்டே ஆக்குகிறாராம்.
ஒரு ராத்திரிக்கே நாலாயிரம் வரும்போது
மாதம் ஒன்பதாயிரத்துக்கு எதற்கு ஒரு கிழவி?
அப்படிச் சொல்லவில்லை.
"பெயின்ட் அடிக்கணும்" என்றார்.
அவள் ஆறு வருடம் வளர்த்த ஆரஞ்சுக் கன்றுகள்
விளம்பரத்தில் ஏற்கெனவே காய்த்திருக்கின்றன.

ஒப்பந்தத்தில் அவளுக்கென்று ஏதாவது இருக்குமா என்று
வரி வரியாய்த் தேடினோம்.
கடைசிப் பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்த்தாள்.
வெள்ளை.

விலாசம் இல்லாவிட்டால் விசா இல்லை.
விசா முடியப்போகிறவளுக்கு யார் விலாசம் தருவார்?
மூன்று வீடு பார்த்தோம்.
ஒன்றில், மாட்டுக்கறி சமைப்பீர்களா.
ஒன்றில், போலீசுக்கு யார் பதில் சொல்வது.
மூன்றாவதில்,
இவங்க செத்துப்போனா நாங்க என்ன செய்ய
என்று என்னிடம்தான் கேட்டார்கள்.
"அதுக்கும் பணம் வச்சிருக்கேன்" என்றாள் அவள், தமிழில்.

கடைக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறது.
ஷீட் கூரை, உடைந்த டோனர் டப்பாக்கள், ஒரு ஜன்னல்.
அவள் கேட்கவில்லை.
கேட்கமாட்டேன் என்று ஆறு முறை எழுதிக்கொடுத்தவள்.
நான்தான் சொன்னேன்.
சொன்ன பிறகுதான் உறைத்தது:
வாடகை என்று ஓர் எண் எழுதினால்
என் ஃபைலில் ஓர் இல்லை பொய்யாகும்.
எழுதாவிட்டால் அவள் ஃபைலில்
ஓர் இருக்கிறது பொய்யாகும்.

கடைக்குள் பனி வந்து
பத்திரத்தாள் நமுத்துவிட்டது.
மாத வாடகை ரூபாய் என்பதுவரை அடித்துவிட்டேன்.
கர்சர் மினுக்குகிறது.
லீவே ஃபிளாஸ்கில் டீ வாங்கி வந்திருக்கிறாள்.
என் டம்ளரில் ஊற்றுகிறாள்,
ஊற்றிக்கொண்டே இருக்கிறாள்.
நான் இன்னும்
போதும் என்று சொல்லவில்லை.